தனியாளுக்கு மட்டும் இடம்: வைகைக் கரைத் தியானக் குடிலில் இரண்டு ராத்திரி

மார்கழி முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆனையூரில் இருந்து கிளம்பினேன். போன இடம் சோழவந்தானுக்குப் பக்கத்தில் வைகை ஆற்றங்கரை. என் வீட்டு வாசலில் இருந்து அந்த இடத்து வாசல் வரை இருபத்து நாலு கிலோமீட்டர். இதற்குப் போய் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் விமானம் ஏறுகிற ஆள் இல்லை. டவுன் பஸ் எட்டுகிற தூரம்தான் என் உலகம். தவிர, இரண்டு வருஷமாக என் வீட்டு முன்ரூமில் இருந்து அடுப்படிக்குப் போவதே எனக்கு நீண்ட பயணம்தான். வழியில் எதிரே ஒரு ஆள் வருவதில்லை.

கூப்பிட்டது என் மச்சினன் சரவணன். என் மனைவி முத்துலட்சுமியின் ஒரே தம்பி. தல்லாகுளத்தில் கோர்ட்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை போட்டு, ஒன்று மூன்றாகி, நன்றாக வந்தவன். இருபது வருஷம் வக்கீல் சத்தம், வாதி சத்தம், பிரதிவாதி சத்தம், அதற்கு மேல் மிஷின் சத்தம். இனிமேல் ஒரு சத்தமும் வேண்டாம் என்று ஆற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பை வாங்கி, ஊர்க்காரர்கள் வந்து வாய் பேசாமல் உட்கார்ந்திருக்க எட்டுத் தியானக் குடில்கள் கட்டிக்கொண்டிருக்கிறான். மரத்தை வெட்டாமல், ஆற்றைக் கெடுக்காமல், இயற்கையோடு ஒட்டி. தை பிறந்ததும் திறப்பு.

போனில் சொன்னான்: "மச்சான், முத குடில் முடிஞ்சிருச்சு. ரெண்டு ராத்திரி வந்து தங்கிப் பாத்துட்டு என்ன குறைன்னு சொல்லணும்."

"அதுக்கு நான் எதுக்கு மாப்ள? படிச்ச ஆளாப் பாத்துக் கூப்பிடு."

"படிச்சவய்ங்க சூப்பர்னு சொல்லிட்டுப் போயிருவாய்ங்க. எங் கல்யாணப் பந்தியில ரசத்துல உப்பு இல்லைன்னு மைக்கைப் பிடுங்கிச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"உப்பு இல்லைதான மாப்ள."

எங்களுக்குள் பேச்சு எப்போதும் இப்படித்தான். அக்கா புருஷனும் மச்சினனும் நேராகப் பேசிக்கொண்டால் எங்கள் பக்கம் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வருவார்கள். கல்யாணம் ஆன நாளில் இருந்து இருபத்தாறு வருஷமாக நானும் அவனும் ஒருத்தனை ஒருத்தன் வாருவது தவிர வேறு பாஷை பேசியதில்லை.

நான் ஒத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. நான் இருப்பது வாடகை வீடு. வீட்டுக்கார அம்மா தங்கமானவர். ஆனால் அவருடைய அக்கா மகள் குடும்பத்துக்கு வீடு வேண்டுமாம். "மார்கழியில யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன், பாவம். தை பொறந்து ஒரு வாரத்துல பாத்துக்கங்க" என்றார். அன்றில் இருந்து பரவை மார்க்கெட்டில் காலைச் சவாரி முடிந்ததும் என் குட்டியானைச் சரக்கு வண்டியை நிறுத்திவிட்டு வீடு தேடுகிறேன். போகிற தெருவெல்லாம் 'குடும்பத்துக்கு மட்டும்' என்று போர்டு. ஒரு வீட்டில் கேட்டைப் பிடித்தபடி ஒரு பெரியவர் கேட்டார், "வீட்ல எத்தன பேரு?"

"நான் மட்டுந்தாங்க."

"வீட்டம்மா?"

"தவறிட்டாங்க."

"அச்சச்சோ" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டபடியே கேட்டைச் சாத்தினார்.

எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. ஆக, ஐம்பத்து மூன்று வயதில் நான் மறுபடியும் பேச்சிலர் ஆகிவிட்டேன். இருபது வயதுப் பேச்சிலருக்காவது நாலு நண்பர்களோடு சேர்ந்து மேன்ஷனில் ஒரு ரூம் கிடைக்கும். சரவணன் போனில் பேசும்போது, வாசல் பக்கம் காவலாளுக்கு ஒரு சின்ன வீடும் கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தான். அந்த வீட்டை எனக்குக் கொடு, இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்பதற்காகத்தான் போனேன். குறை சொல்வது சாக்கு.

சரக்கு இல்லாமல் என் வண்டியை எடுத்தால் டீசல் கட்டுப்படியாகாது, அதனால் ஆனையூரில் இருந்து பரவை வரை மார்க்கெட்டுக்குப் போகிற சேக்காளி ஒருத்தன் வண்டியில் ஓசிப் பயணம். உங்களுக்கு அந்தச் செல்வாக்கு இல்லையென்றால் ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். பரவை மார்க்கெட் எதிரே நின்றால் சோழவந்தான் பஸ் வரும். எனக்கு ஏழே காலுக்குக் கிடைத்தது. டிக்கெட் பதினெட்டு ரூபாய். பஸ்ஸில் இருந்த இருபது பேரில் பதினாறு பேர் பெண்கள், அவர்களுக்கு இலவசம். கண்டக்டரிடம் இருபது ரூபாயை நீட்டி, "எங்க நாலு பேரு காசுலதான் வண்டி ஓடுது, பாத்து மெதுவா ஓட்டச் சொல்லுங்கண்ணே" என்றேன். "நீங்க குடுக்குற பதினெட்டு ரூவாய்க்கு ஹாரன்தான் அடிக்க முடியும்" என்றார் அவர். பின் சீட்டில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கு நான் கேட்ட கடைசிக் கும்பல் சிரிப்பு அதுதான் என்று அப்போது தெரியாது.

சமயநல்லூர் தாண்டியதும் இடது பக்கமாக உட்காருங்கள். வயல், வாழை, தென்னை, நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால் என்று பச்சை மாறி மாறி வரும். கார்த்திகையில் நல்ல மழை, அணையிலும் தண்ணீர் திறந்திருந்தார்கள். வாய்க்கால் எல்லாம் ததும்பி ஓடியது. எட்டு மணிக்குச் சோழவந்தான். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நாலு இட்லி, ஒரு வடை, காபி. அறுபது ரூபாய். சட்னி மூன்று வகை.

அங்கிருந்து தோப்புக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ நூற்று இருபது. ஆட்டோக்காரருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். இடத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஆத்தங்கரையில பேசாம இருக்குறதுக்குன்னு ஒரு எடம் கட்டுறாங்களே, அங்கயாண்ணே?"

"அங்கதான்."

"அங்க போயி என்ன செய்வீக?"

"பேசாம இருப்பேன்."

"அதுக்குக் காசு வாங்குவாகளா?"

"வாங்குவாங்க போல."

"என் வீட்டுக்கு வாங்கண்ணே. எம் பொண்டாட்டி எங்கிட்டப் பேசிப் பத்து நாளாச்சு. அம்புட்டு அமைதியா இருக்கும். சும்மாவே தங்கிக்கலாம்."

இறங்கும்போது அவருக்குப் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கிப் போகச் சொன்னேன். கோபித்துக்கொள்ள வீட்டில் ஆள் இருப்பது எம்புட்டுப் பெரிய சொத்து என்று அவருக்கு யார் சொல்வது?

இனி இடத்தைப் பற்றி. கேலியை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன், அருமையாகக் கட்டியிருக்கிறார்கள். வரைந்தது காயத்ரி என்கிற பெண், மதுரைக்காரி, முப்பது வயதுக்குள். தோப்பில் ஒரு தென்னையைக்கூட வெட்டக் கூடாது என்று முதல் நாளே சரவணனிடம் சத்தியம் வாங்கிவிட்டதாம். அதனால் பாதை எல்லாம் மரத்துக்கு மரம் ஒதுங்கி, டாஸ்மாக்கில் இருந்து வீட்டுக்குப் போகிறவன் நடை மாதிரி வளைந்து வளைந்து போகிறது. குடில்களை ஆற்றங்கரையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, இடுப்பு உயரக் கல்தூண்கள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். வெள்ளம் கரை ஏறினால் அடியில் நுழைந்து தன் வழியே போய்விடும். மண்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே நாட்டு ஓடு. உள்ளே மின்விசிறி இல்லை, தேவையும் இல்லை. குளிக்கிற தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போய், அங்கிருந்து தென்னைக்குப் போகிறது. எல்லாரும் சேர்ந்து உட்கார, கரையோரப் பெரிய மருத மரத்தின் கீழ் சுவர் இல்லாத ஒரு மண்டபம்.

ஜன்னல் தரையில் இருந்து ஒன்றரை அடியில் ஆரம்பித்து நாலடியில் முடிந்துவிடுகிறது. "என்னம்மா, பூனை எட்டிப் பாக்குறதுக்கா?" என்றேன்.

"கீழ சம்மணம் போட்டு உக்காருங்க அங்கிள், அப்புறம் சொல்லுங்க" என்றது காயத்ரி.

உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேரே ஆறு. நின்றால் சுவர்தான் தெரியும், உட்கார்ந்தால்தான் ஆறு தெரியும். வந்தவனை உட்கார வைக்க இதைவிட மரியாதையான வழி கிடையாது. வாயை மூடிக்கொண்டேன்.

எட்டுக் குடிலும் எட்டுத் திசை பார்த்து நிற்கின்றன. ஒரு குடிலின் வாசலில் நின்றால் இன்னொரு குடிலின் வாசல் தெரியாது. கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி. அதுவும் வேண்டுமென்றே செய்ததுதானாம். ஒரு குடிலுக்கு ஒரே ஆள், ஜோடிக்கு அனுமதி இல்லை. சாப்பாடு வைக்கச் சுவரில் இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு மாடம். வெளியில் இருந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், நாம் உள்ளே இருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வைத்தவர் முகம் நமக்குத் தெரியாது, நம் முகம் அவருக்குத் தெரியாது.

பத்து மணிக்கு என் போனை வாங்கிக்கொண்டு என்னை உள்ளே விட்டார்கள். சாயங்காலம் ஐந்து வரை பேசக் கூடாது. வேறு ஆள் இருந்தால்தானே பேச! முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம், மரங்கொத்தி, தூரத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம். மதியம் மாடத்தில் டக்கென்று சத்தம் கேட்டு ஓடிப் போய் என் பக்கத்துக் கதவைத் திறந்தேன். சாதம், கீரை, மோர். ஆள் போயாகிவிட்டது. "ஏம்ப்பா, ஊறுகாய் இருக்கா?" என்று மாடத்துக்குள் தலையை விட்டுக் கேட்டேன். தென்னை மரம்தான் நின்றது.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது ஒன்று தோன்றியது. வீட்டில் நான் எப்படி இருக்கிறேனோ அதே மாதிரிதான் இங்கேயும் இருக்கிறேன். வித்தியாசம், இங்கே ஜன்னல் வழியாக ஆறு தெரிகிறது. முத்துலட்சுமி போன பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் காலையில் இருந்து ராத்திரி வரை ஒரு வார்த்தை பேசாமல் கழிந்திருக்கின்றன. மறுநாள் மார்க்கெட்டில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கட்டியிருக்கும். அதற்குப் பெயர் தியானம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

சாயங்காலம் சரவணன் சுற்றிக் காட்டினான். கடைசியாக வாசல் பக்கம் அந்தச் சின்ன வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, பாதையைப் பார்த்த ஜன்னல். சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. நான் உள்ளே போய் அடுப்பு மேடையைத் தட்டிப் பார்த்தேன்.

"இதுக்கு யாரு மாப்ள வாராங்க?"

"ஒரு புருஷன் பொண்டாட்டியாப் பாக்கணும் மச்சான். பொம்பளைங்க தனியா வந்து தங்குற எடம். ஒத்த ஆம்பளைய வாசல்ல வெச்சா யாரு வருவா?"

"வயசான ஆம்பளைன்னா?"

"எம்புட்டு வயசு?"

"ஒரு அம்பத்து மூணு, பாக்க அழகா இருப்பான், குறை சொல்லுவான்."

சரவணன் பிடரியில் கை வைத்துச் சிரித்தான். "அம்புட்டு அழகான ஆள வெச்சா பொம்பளைங்க தியானம் பண்ண மாட்டாங்க மச்சான்" என்றான். நானும் சிரித்தேன். முதல் தடவை கேட்டது அப்படி முடிந்தது.

மறுநாள் காலை நாலரை மணி. ஆற்றுக்கு அக்கரைக் கோயிலில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். மார்கழி மாதம், கேட்க வேண்டுமா? அம்மன் பாட்டு அலையலையாக ஆற்றைத் தாண்டி வந்து குடில் சுவரில் மோதியது. கொஞ்ச நேரத்தில் இக்கரைப் பிள்ளையார் கோயிலும் போட்டிக்கு இறங்கியது. தோப்புக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் படுத்திருந்த சரவணன் தலைப்பாகையோடு ஓடி வந்தான். மதுரையில் பிறந்து மதுரையில் வளர்ந்தவன், ஆவணி மாதத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு ஆகா என்ன அமைதி என்று இடத்தை வாங்கியிருக்கிறான். வருஷத்துக்கு ஒரு மார்கழி உண்டு என்பது மறந்துபோய்விட்டது.

"என்ன மச்சான் இப்படிப் போடுறாய்ங்க!"

"ஒண்ணும் பண்ண முடியாது மாப்ள. மார்கழிக்கு மட்டும் போர்டை மாத்திரு. 'பக்தி முகாம்'னு போடு."

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. எங்கோ யாரோ எழுந்து, குளித்து, சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். அதுவரை சரியாகத் தூக்கம் வராமல் கிடந்தவன் அந்தப் பாட்டில்தான் கண் அசந்தேன்.

பத்து மணிக்குக் காயத்ரி வந்ததும் என் குறைகளைச் சொன்னேன். ஒலிபெருக்கி பற்றிச் சொன்னதும் அந்தப் பெண் சரவணனை முறைத்தது. அடுத்து அந்த மாடம். "சாப்பாடு வைக்குற ஆளு ஒரு நிமிசம் நின்னு, போதுமாங்கன்னு கேட்டா என்னம்மா? அப்புறம் அந்தச் சமையக்கட்டை அத்தாம் தூரத்துல கொண்டுபோய் வெச்சிருக்க. பாத்திரம் உருள்ற சத்தமாச்சும் கேட்டா, ஆள் இருக்குன்னு ஒரு தெம்பு."

"அந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் அங்கிள் சமையக்கட்டை மூணு தடவ எடம் மாத்தி வரைஞ்சேன்" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. "இங்க வாரவங்க வீட்ல மாமனார், மாமியார், பிள்ளைங்க, டிவி, ஆபீஸ் போன். பாத்ரூம்ல கதவைச் சாத்திட்டு உக்கார்ந்து அழறவங்க இருக்காங்க அங்கிள். ரெண்டு நாள் யாரும் தன்னைக் கூப்பிடாம இருந்தாப் போதும்னு வாராங்க. அவங்களுக்காக வரைஞ்சது இது."

பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க வீட்ல தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டது.

"அய்யோ, தனியாவா? நான், ஒரு பல்லி, ரெண்டு எட்டுக்கால் பூச்சி. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா நாலு பேருக்கு வாடகை கேப்பாங்க."

சரவணன் சிரித்தான். காயத்ரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே பேனாவை மூடியது. எனக்குச் சங்கடமாகப் போய், மருத மரத்தைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிட்டேன். அந்தப் பெண் சொன்னது சரிதான். சர்க்கரை நோயாளிக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி முழுங்கிவிட்டு, தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

மதியம் நானும் சரவணனும் ஆற்றில் குளித்தோம். தண்ணீர் முழங்காலுக்கு மேல், குளிரில் பல் கிட்டியது. தலை துவட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிட்டேன். இந்தத் தடவை அழகு, வயசு என்று சுற்றவில்லை.

"மாப்ள, அந்த வாசல் வீட்டுக்கு நானே வாரேன். தையில வீடு காலி பண்ணணும். எனக்கு எவனும் வீடு தர மாட்டேங்கிறான். சமைக்கத் தெரியும், வண்டி ஓட்டுவேன், தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுவேன். என்னை வெச்சுக்க."

சரவணன் என்னை ஒரு நொடி பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான். உடனே போனை எடுத்து, தல்லாகுளத்தில் இருந்த மனைவி செல்விக்குப் போட்டு, ஸ்பீக்கரில் விட்டான். "ஏய், மச்சான் நம்ம கேட்டுக்கு வாட்ச்மேனா வாராராம்!"

அந்தப் பக்கம் செல்வியும் சிரித்தது. "அண்ணே, சம்பளம் எம்புட்டுக் கேக்குறீங்க?"

இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் பழகிய வழியிலேயே போய்விட்டது. "சம்பளம் வேணாம் தங்கச்சி. மாசம் ஒரு மூட்டை பொன்னி, வாரம் ஒரு கோழி. கேட்டுல நிக்கும்போது தலைக்குக் குடை பிடிக்க ஒரு ஆளு." மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். என் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது.

இரண்டாவது ராத்திரி, ஜன்னல் ஓரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். தியானம் எல்லாம் இல்லை. முத்துலட்சுமி இருந்தால் எங்கள் கேலிக்கு நடுவில் புகுந்து, "ஏய், அவரு நெசமாச் சொல்றாருடா" என்று தம்பி மண்டையில் ஒன்று போட்டிருப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் மொழிபெயர்க்கிற ஆள் அவள்தான். அவள் இல்லாமல் நானும் அவனும் பேசிக்கொள்வது, டிரைவர் இல்லாத வண்டியில் இரண்டு பேர் பின்சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடிக்க ஆசைப்படுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சரவணன் தன் பைக்கில் என்னைச் சோழவந்தான் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடக் கிளம்பினான். பனி இறங்கி வாய்க்கால் மேல் புகை மாதிரி நின்றது. பைக்கில் ஒரு வசதி உண்டு. பின்னால் இருக்கிறவன் முகம் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. கொடிக்கால் தாண்டும்போது அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"மாப்ள, நேத்து நான் கேலிக்குக் கேக்கல."

பைக் மெதுவானது. நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னான், "தெரியும் மச்சான்."

"தெரியுமா?"

"நேத்தே தெரியும். அதனாலதான் சிரிச்சேன்."

அவனே பேசினான். திரும்பிப் பார்க்காமல்தான் பேசினான். "அக்கா புருஷனச் சம்பளத்துக்கு வெச்சு வாசல்ல நிப்பாட்டுனேன்னா ஊரு என்னையக் காறித் துப்பும் மச்சான். வாரவன் எவனாச்சும் ஏய் வாட்ச்மேன், காரை எடுக்கணும் கதவைத் தொறன்னு உங்களச் சொல்லிட்டான்னா? அதைக் கேட்டுக்கிட்டு நான் உள்ள உக்காந்து தியானம் பண்ணவா? அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அக்காதான் இல்லையே மாப்ள."

"அதுக்குத்தான் சொல்றேன். அது இருந்தாக்கூட உங்களுக்கு நான் செய்யுற மரியாதையில கொறை வந்தா அதுகிட்டத் திட்டு வாங்கிச் சரி பண்ணிக்கலாம்."

"ஊரு சொல்லும் ஊரு சொல்லும்ங்கிறியே. எனக்கு ஒரு ரூம் வாடகைக்குத் தர மாட்டேங்குதே, அதே ஊருதான மாப்ள?"

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, என் பையைத் தன் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "விருந்தாளியா வாங்க மச்சான். எம்புட்டு நாளு வேணாலும் இருங்க. யாரு கேக்கப் போறா?" என்றான்.

"விருந்தாளின்னா என்னைக்காச்சும் கெளம்பணும்ல" என்றேன். பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான், இருபத்தாறு வருஷத்தில் அவனிடம் கேலி இல்லாமல் பேசியது அந்த நாலு கிலோமீட்டர்தான் என்று புரிந்தது. டிக்கெட் அதே பதினெட்டு ரூபாய். கண்டக்டர் வேறு ஆள், நானும் வாயைத் திறக்கவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. தை முதல் வாரம் திறக்கிறார்கள். ஒரு நாளுக்கு எண்ணூறு ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடு சேர்த்து. மதுரையில் இருந்து பஸ், பாசஞ்சர் ரயில் இரண்டும் உண்டு. ரயில் என்றால் ஆட்டோக்காரர்கள் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்பார்கள். கொசுவலை அவர்களே தருகிறார்கள், போர்வை நீங்கள் கொண்டு போங்கள், ஆற்றங்கரைக் குளிர் நகரத்துக் குளிர் இல்லை. ஆற்றில் தண்ணீர் திறந்திருக்கும் நாளில் உள்ளே பழைய மணல் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது. இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். மார்கழியில் போகிறவர்கள் காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பக்தியோடு போங்கள்.

வீட்டில் சத்தம் அதிகம் உள்ளவர்கள் கட்டாயம் போங்கள். அந்தப் பெண் உங்களுக்காகத்தான் கட்டியிருக்கிறது, ஒரு கல் வீண் இல்லை. உட்கார்ந்தால் ஆறு தெரியும். வீட்டில் சத்தமே இல்லாதவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொண்டு போங்கள். எப்படி இருந்தாலும் தனியாகத்தான் போக முடியும். தனியாளுக்கு மட்டும்தான் இடம், குடும்பத்தோடு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மதுரை வட்டாரத்தில் இப்படி ஒரு இடத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வீடு இன்னும் அமையவில்லை. பாத்திரம் பண்டத்தைப் பரவையில் ஒரு கமிஷன் கடை மாடியில் போட்டு வைக்க ஏற்பாடாகிவிட்டது. நேற்று உட்கார்ந்து, காலி பண்ணுகிற நாளில் இருந்து ஏழு நாளைக்கு அந்தக் குடில்களில் ஒன்றை என் பெயருக்குப் பதிந்து, போனிலேயே முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். காவலாளாகவும் இல்லை, விருந்தாளியாகவும் இல்லை.

பணம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சரவணன் கூப்பிட்டான். "மச்சான், ஏழு நாளுக்குப் போட்டிருக்கீங்க" என்றான்.

"ஆமா மாப்ள."

"ஏழு நாளுக்கு அப்புறம்?"

எப்போதும் போல ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டு, "தெரியல சரவணா" என்றேன். அதுவரை அவனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவன் சிரிக்கவில்லை. கோர்ட் தெருவின் ஹாரன் சத்தமும் அவன் கடை மிஷின் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. வெகு நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல், போனையும் வைக்காமல் இருந்தோம்.